நாலு மைலுக்குள் விழுந்த ஊர்

ஆனைமலை அடிவாரத்தில் கொழிஞ்சிப்புதூர் என்று ஓர் ஊர். நல்ல ஊர்தான். மழை பெய்தால் நனையும், வெயில் அடித்தால் காயும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அந்த ஊர் ஆட்களைப் பற்றி என்னென்னவோ சொல்லிச் சிரிப்பார்கள். கொழிஞ்சிப்புதூர்க்காரர்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைப்பு.

அந்த ஊரில் வண்டி ஓட்டிப் பிழைத்தவர் ராக்கியண்ணன். இரண்டு காளை, ஒரு வண்டி, பாப்பக்கா என்றொரு சம்சாரம், செல்லாத்தா என்று ஒரே மகள். மகளை வடுகன்சந்தையில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் மாசமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? சொல்லிவிட்டு வரலாம் என்று போனவரிடம் சம்பந்தியம்மா கையை விரித்துவிட்டாள்.

“உங்க ஊர்த் தடத்துல வண்டி வர்ற லட்சணத்துக்கு, இங்க ஒருத்தியா ஏறுனவ அங்க ரெண்டு பேரா இறங்குவா. முதல்ல ரோட்டைப் போடுங்க. அப்புறம் புள்ளைய அனுப்பறேன்.”

ராக்கியண்ணன் சொன்ன சொல்லைத் தட்டாதவர். திரும்பி வரும்போதே வழியில் கிடந்த இரண்டு கல்லை எடுத்துத் தடத்தில் போட்டார். மூன்றாவது கல்லில் அவருடைய வண்டியின் அச்சே முறிந்துவிட்டது. இந்த வேலை தனியாளால் ஆகாது என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது.

ஊர் கூடி மனு எழுதியது. பதினைந்து நாளில் வடுகன்சந்தையில் இருக்கும் ஓவர்சீயர் வேதமூர்த்தியிடமிருந்து பதில் வந்தது. சந்தையிலிருந்து நாலு மைலுக்குள் இருக்கும் ஊர்களுக்குத்தான் ரோடு. உங்கள் ஊர் நாலு மைல் மூன்று பர்லாங். ஆகவே இல்லை.

ஊர்ப் பெரியதனம் தொட்டியப்பர் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“மூணு பர்லாங்குதானே உபரியாக் கெடக்குது? அதை எடுத்து ஓரமாப் போட்டுட்டாச் சரியாப்போச்சு.”

பத்துப் பேர் மண்வெட்டியோடு போய்த் தடம் முழுக்கத் தேடினார்கள். ஒரு பர்லாங்குகூடக் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரன் தூக்கிப் போயிருப்பான் என்று முடிவாயிற்று.

ராக்கியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் முகம் கண்ணிலேயே நின்றது. கடைசியில் பாப்பக்காதான் சொன்னாள்: “ஏனுங், மலை மேல ளாக்கி துரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

இந்தத் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். ஸ்காட்லாந்துக்காரர். அவரை இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் காது சிவந்துவிடும். பன்னிரண்டு வருஷமாகத் தமிழ் பேசினார். எல்லாம் வந்தது, ‘ள’ மட்டும் வரவில்லை. ஒரு தரம் குதிரையில் பாய்ந்து வந்து, “ஓடு! ஓடு! ஆத்துல வெல்லம் வருது!” என்று கத்தினார். ஊரே குடம், அண்டா, சருவம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடியது. வந்தது வெள்ளம். அண்டாக்கள் போயின. ஆட்கள் மரத்தில் ஏறிப் பிழைத்தார்கள்.

அன்றிலிருந்து ஊரில் ஒரு கட்டுப்பாடு. துரை ‘ல’ என்று சொன்னால் அதை ‘ள’ என்று திருத்தித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய பெயர் லாக்கி. பாவம், சொந்தப் பெயரையே சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்று ஊர் அதையும் திருத்தி ளாக்கி துரை என்று கூப்பிட்டது.

ராக்கியண்ணன், தொட்டியப்பர், செக்கு ஆட்டும் நாச்சிமுத்து, தையல்காரர் அய்யாவு, நாலு பேரும் மலையேறிப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். துரை கடிதத்தைப் படித்தார். மேஜையை ஓங்கிக் குத்தினார்.

“மைல்னு எழுதியிருக்கான். யாரோட மைல்? இங்கிலீஷ் மைல்! அது குட்டை மைல். எங்க ஊர் மைல் நீட்டம். எங்க மைல்ல அலந்தா உங்க ஊர் நாலு மைலுக்குல்ல வரும்!”

நாலு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

“நெசமாவே கிட்ட வந்துருமுங்களா?” என்றார் ராக்கியண்ணன்.

“கட்டாயம் வரும்.”

“வர்றது எங்க ஊருங்களா, சந்தையுங்களா?” என்று கேட்டார் தொட்டியப்பர். “எங்க ஊருதான் நகருதுன்னா, முன்கூட்டியே சொல்லிப்போட்டா அடுப்பு மேல இருக்கறதை இறக்கி வெச்சுக்குவோமுங்க.”

துரை அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுநூறு வருஷத்துக்கு முந்தி எங்கள் ராஜா ஒருத்தர் போட்ட அளவு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்று ஆரம்பித்தார்.

“பெரிய ஆல் ஒருத்தன், நடு ஆல் ஒருத்தன், சின்ன ஆல் ஒருத்தன். மூணு பேர் கட்டைவிரல். நகத்துக்கு அடியில அகலம் எடு. கூட்டு. மூணா வகு. அதான் ஒரு இஞ்சு. முப்பத்தேழு இஞ்சு ஒரு எல். ஆறு எல் ஒரு ஃபால். முந்நூத்தி இருபது ஃபால் ஒரு மைல். இந்த அளவே கூடாதுன்னு ரெண்டு மூணு தரம் சட்டம் போட்டாங்க. எங்க ஆலுங்க காதுல போட்டுக்கவே இல்ல!”

“காதுல போடறதுக்கு அது சின்னதா இருக்கணுமில்லீங்க,” என்று அனுதாபமாகச் சொன்னார் அய்யாவு.

துரை விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “நாலு மைலுக்கு ஆயிரத்து இருநூத்தி எண்பது ஃபால். அதுக்குல்ல நீங்க முடிக்கணும். போ. அலந்துட்டு வா.”

புறப்படும்போது ராக்கியண்ணனுக்கு ஒரு சந்தேகம். “ஃபால்னா என்னங்க துரை?”

“ஃபாலா? ஃபால்னா விழறது,” என்றார் துரை.

இறங்கி வரும் வழியிலேயே முதல் தகராறு. பெரிய ஆள் யார் என்பதில் சண்டையில்லை. நாச்சிமுத்து செக்கு உலக்கையைத் தனியாகத் தூக்குபவர். சின்ன ஆள் அய்யாவு. நடு ஆள் ராக்கியண்ணன். ஆனால் நாச்சிமுத்து திடீரென்று நின்று, இரண்டு கட்டைவிரலையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

“மூணா வகுந்துபோடோணும்னு துரை சொன்னாருல்ல? என்ற விரலை யாரு வகுந்தாலும் நான் சும்மா இருக்கமாட்டேன்.”

அதுவரை அது யாருக்கும் தோன்றவில்லை. அய்யாவு தன்னிடம் கத்தரி இருப்பதை நினைத்துத் தானே பயந்துபோனார்.

ராக்கியண்ணன் மட்டும் தம் வலதுகைக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருஷம் மூக்கணாங்கயிறு பிடித்த விரல். “என்ற புள்ளைக்காக நான் தர்றேனுங்க,” என்றார். “இடதுகை விரல்னாப் பரவாயில்லீங்களா?”

வீட்டில் விஷயத்தைக் கேட்ட பாப்பக்கா, மூன்று பேரையும் வரிசையாக உட்காரவைத்து, மூன்று கட்டைவிரல் மேலும் ஒரு நூலைப் போட்டு, அகலத்தை எடுத்து, நூலை மூன்றாக மடித்தாள். “இதுதானே வகுக்கறது? இதுக்கா ஒப்பாரி?” என்றாள். ஊரே அவளை வியந்து பார்த்தது. அந்த ஒரு இஞ்சு நூல் காற்றில் பறந்துவிடாமல் ஒரு பானையில் போட்டு மூடி, காவலுக்கு ஆள் வைத்தார்கள்.

அடுத்து எல். அங்கேதான் சபை திகைத்தது. துரை எல் என்று சொன்னார். அப்படியென்றால் எள்.

“முப்பத்தேழு இஞ்சு ஒரு எள்ளா?” என்றார் நாச்சிமுத்து. அவர் வாழ்நாள் முழுக்க எள்ளோடு கிடந்தவர். “ஒத்தை எள்ளு இடுப்பு உசரமுங்க. அப்பச் செடி?”

“பனைமரத்தனை இருக்கும்,” என்றார் தொட்டியப்பர்.

“செக்கு?”

“ஊரத்தனை இருக்கும்.”

“அந்தச் செக்கை இழுக்க மாடு?”

சபை வெகுநேரம் யோசித்தது. அந்த மாட்டைக் கட்டும் கயிற்றைப் பற்றியும் யோசித்தது. “அதான் துரை ஆறடி உசரம் இருக்காரு,” என்றார் அய்யாவு கடைசியில். “எண்ணெய்ச் சாப்பாடு.”

மறுநாள் சந்தேகம் தீர்க்க ஆள் போனது. எல் எப்படி இருக்கும் என்று காட்டச் சொன்னார்கள். அது இரும்புக் கோல், எங்கள் எடின்பரோ டவுனில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று துரை சொல்லி அனுப்பினார். இதைக் கேட்டு நாச்சிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார். “எள்ளு இரும்பாப் போச்சுன்னா எண்ணெய் எப்புடிங்க வரும்? பாவம் அந்தச் சனம்.” மூன்று நாள் அவர் அந்தச் சனத்தை நினைத்து மனசு சரியில்லாமல் இருந்தார்.

இரும்புக்கு எங்கே போவது? ஒரு மூங்கிலை நூலால் முப்பத்தேழு தரம் அளந்து வெட்டினார்கள். எள் என்பது பொய்யாகிவிடக்கூடாது என்று நல்லெண்ணெய் தடவினார்கள். ஒரு நல்ல நாள் பார்த்து, ஊர் எல்லையில் தேங்காய் உடைத்து, அளக்க ஆரம்பித்தார்கள்.

மூங்கிலை ஆறு தரம் தடத்தில் வைத்தாயிற்று. ஆறு எள். இப்போது ஒரு ஃபால். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யாரு விழறது?” என்றார் தொட்டியப்பர்.

“குப்புறவா, மல்லாக்கவா? துரை ஒண்ணும் சொல்லலியே,” என்றார் அய்யாவு.

“கௌரவமா ஒருக்களிச்சு விழலாம்.”

ராக்கியண்ணன் அதற்குமேல் பொறுக்கவில்லை. மகளை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, குப்புற விழுந்தார். முழங்கை சிராய்த்தது. “ஒண்ணு!” என்று கூட்டம் கத்தியது. ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கூடையில் போட்டார்கள்.

முறை வைத்து விழுந்தார்கள். நாச்சிமுத்து விழும்போது தடமே அதிர்ந்தது. ஒரு தரம் அவர் அய்யாவு மேலேயே விழுந்துவிட்டார். இது ஒன்றா இரண்டா என்று அரை மணிநேரம் வாதம். அய்யாவு தானாக விழவில்லை, விழவைக்கப்பட்டார், ஆகவே ஒன்று என்று தீர்ப்பானது. அடியில் இருந்தபடியே அய்யாவு அதை ஒத்துக்கொண்டார்.

அறுபத்து மூன்றாவது ஃபாலில் யாருக்கும் எழ முடியவில்லை. உடம்பெல்லாம் கல் குத்திய காயம். இன்னும் ஆயிரத்து இருநூற்றுப் பதினேழு. மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ராக்கியண்ணன் தடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தக் கணக்குக்கு, சந்தையைப் போய்ச் சேருவதற்குள் பேரப்பிள்ளைக்கே கல்யாண வயசு வந்துவிடும்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

“ஏனுங், விழோணும்னுதான் துரை சொன்னாரு. எங்க விழோணும்னு சொன்னாருங்களா?”

“சொல்லலை,” என்றார் தொட்டியப்பர்.

“அப்ப மிச்சத்தை ஊருக்குள்ளயே விழுந்துபோட்டா என்னங்க?”

அப்படி ஒரு மூளை நம் ஊரில் இருந்ததா என்று ஆளாளுக்கு அவர் முதுகைத் தட்டினார்கள். காயம் பட்ட முதுகு. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

தொட்டியப்பர் களத்தில் பெரிய வைக்கோல்போர் இருந்தது. ஊரில் இருந்த அத்தனை பேரும் அதன்மேல் ஏறி ஏறி விழுந்தார்கள். பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விழுந்தார்கள். காலையில் விழுந்தவர்கள் கஞ்சி குடித்துவிட்டு வந்து மறுபடி விழுந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கூடையில் ஆயிரத்து இருநூற்று எண்பது புளியங்கொட்டை நிறைந்துவிட்டது. அதோடு நிறுத்தினார்கள். கொழிஞ்சிப்புதூர் சரியாக நாலு மைலுக்குள் வந்துவிட்டது.

அடுத்த சந்தைக்கு எல்லோரும் தாமதமாகவே கிளம்பினார்கள். ஊர்தான் கிட்ட வந்துவிட்டதே. போய்ச் சேரும்போது சந்தை கலைந்திருந்தது. இதில் அவர்களுக்கு ஆச்சரியமில்லை. ஊர் நகர்ந்த விவரம் கால்களுக்கு இன்னும் தெரியவில்லை, போகப்போகத் தெரிந்துகொள்ளும் என்று பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

ஓவர்சீயருக்குக் கடிதம் போயிற்று. “ஐயா அவர்களுக்கு. ரோட்டுக்காக எங்கள் ஊர் ஆண் பெண் அனைவரும் ஆயிரத்து இருநூற்று எண்பது முறை விழுந்துவிட்டோம். தாங்கள் நேரில் வந்து பார்க்கவும்.”

ஓவர்சீயர் வேதமூர்த்தி கறாரான மனுஷர். ஆனால் அந்தக் கடிதம் அவரை என்னவோ செய்துவிட்டது. ஓர் ஊரே தன் ஆபீஸ் இருக்கும் திசை பார்த்து ஆயிரத்து இருநூற்று எண்பது முறை விழுந்து கும்பிட்டிருக்கிறது! அவர் காலில் அதுவரை யாரும் ஒரு முறைகூட விழுந்ததில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு, அந்தத் தடத்துக்கு எந்த வண்டிக்காரனும் வராததால், நடந்தே வந்தார்.

ஊர் எல்லையில் மேளதாளத்தோடு நின்றார்கள். தொட்டியப்பர் கையில் மாலை. ஓவர்சீயர் மாலையைப் பார்த்தார், தடத்தைப் பார்க்கவில்லை. வண்டிச் சோடைப் பள்ளத்துக்குள் கால் போயிற்று. தடால் என்று விழுந்தார்.

மேளம் நின்றது.

“ஐயோ,” என்றார் ராக்கியண்ணன். “ஆயிரத்து இருநூத்தி எண்பத்தொண்ணு.”

ஊரே வாயில் அடித்துக்கொண்டது. ஒரு ஃபால் கூடிவிட்டது. ஊர் நாலு மைலைத் தாண்டிவிட்டது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு துடித்த ஓவர்சீயரை நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டு, விழுந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார்கள்.

“சாமி, நீங்க விழலைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க!”

“விழலையா? கால் உடைஞ்சுபோச்சு!”

“உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுதுங்க. விழலைன்னு மட்டும் சொல்லுங்க!”

ராக்கியண்ணன் அழுதேவிட்டார். அப்போது பாப்பக்கா முன்னால் வந்தாள். “அன்னைக்கு வைக்கப்போருல கடைசியா நான் விழுந்தேனே, அது விழுந்ததே இல்லீங்க. காலு வலிச்சு உக்காந்தேன். அதைக் கழிச்சுப் போட்டு ஐயாவோடதைச் சேர்த்துக்குங்க.” கூடையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்தார்கள், ஓவர்சீயர் பேரில் ஒன்றைப் போட்டார்கள். ஊர் மறுபடி நாலு மைலுக்குள் வந்து நின்றது. மேளம் அடித்தது.

ஓவர்சீயருக்கு இது எதுவும் விளங்கவில்லை. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது. புது அச்சு மாட்டிய ராக்கியண்ணன் வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைப் படுக்கவைத்து, வடுகன்சந்தைக்குப் புறப்பட்டார்கள்.

முதல் பள்ளத்தில் ஓவர்சீயர் தன் அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டாவது பள்ளத்தில் அப்பாவை. பாறை மேட்டில் வண்டி ஏறி இறங்கியபோது எழுந்து உட்கார்ந்து ராக்கியண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்துய்யா! ரோடு வருதுய்யா! கையெழுத்துப் போடறேன்யா! நிறுத்து!”

ராக்கியண்ணன் கயிற்றை இழுத்து வண்டியை நிறுத்தினார். ஆனாலும் விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டுமல்லவா?

“எந்த மைலுலீங்க சாமி?”

“எந்த மைலா இருந்தா எனக்கென்னய்யா!”

ளாக்கி துரை இதை ஸ்காட்லாந்துக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டார். தோட்டத்து ஆட்களையும் கல்லையும் அவரே அனுப்பினார். மூன்று மாதத்தில் ரோடு முடிந்தது. படுத்துப் புரளலாம் போல வழவழவென்று இருந்தது. கடைசி நாள் ஓவர்சீயர் குச்சி ஊன்றிக்கொண்டு வந்து, கையால் காட்டிச் சொன்னார்: “இனிமே உங்களுக்குக் கவலையே வேண்டாம். இந்த ரோடு நேரா வடுகன்சந்தைக்குப் போகுது.”

ராக்கியண்ணனுக்கு அன்று முழுக்கச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலையில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, சம்பந்தி வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார். மகளைக் கூட்டிவரப் போகிறார். காளைகளை அவிழ்த்து மேய விட்டுவிட்டார். ரோடே போகும்போது மாடு எதற்கு?

போய் ரோட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விஷயம் தெரிந்து நாச்சிமுத்து எண்ணெய்க் குடத்தோடு வந்து உட்கார்ந்தார். அய்யாவு தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்கள் கோழிக்கூடையோடு வந்தார்கள். தொட்டியப்பர் முன்னால் இடம் பிடித்துக்கொண்டார், எதிர்க்காற்று பிடிக்கும் என்பதற்காக.

வெயில் ஏறியது.

“இன்னும் கெளம்பலியே?” என்றார் நாச்சிமுத்து.

“புது ரோடு. மெதுவாத்தான் கெளம்பும்,” என்றார் ராக்கியண்ணன்.

“ஆளு அதிகமோ?” என்று அய்யாவு பின்னால் திரும்பிப் பார்த்தார். உடனே இரண்டு பேர் பெரிய மனசு பண்ணி இறங்கி ஓரமாக நின்றார்கள்.

உச்சிப்பொழுதுக்கு எதிரே சலங்கைச் சத்தம் கேட்டது. சந்தைப் பக்கமிருந்து ஒரு கூண்டு வண்டி ஆடாமல் அசையாமல் வந்து நின்றது. ரோடு முடிந்ததைக் கேள்விப்பட்ட சம்பந்தியம்மா, தானே வண்டி கட்டி மருமகளை அனுப்பிவிட்டாள். செல்லாத்தா வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மெல்ல இறங்கினாள்.

“ஏனுங்ப்பா, நடுரோட்டுல உக்காந்திருக்கீங்க?”

மகளைக் கண்டதும் ராக்கியண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கிளம்பிய காரியம் கெட்டுவிட்டதே என்று முகம் சுருங்கியது.

“உன்னையக் கூட்டிட்டு வரத்தான் கண்ணு வடுகன்சந்தைக்குப் போயிட்டிருக்கேன். இப்பப் பாரு, நீ இங்க வந்துட்டே. நான் அங்க போயி யாரைக் கூட்டிட்டு வர்றது?”

செல்லாத்தாவும் கொழிஞ்சிப்புதூரில் பிறந்தவள்தான். இடுப்பில் கைவைத்து நின்று நன்றாக யோசித்தாள்.

“அதுக்கென்னங்ப்பா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நானும் வர்றேன். ரெண்டு பேருமாப் போயி என்னையக் கூட்டிட்டு வந்தரலாம்.”